பலம் நாலு

மூன்று பகடையை உருட்டினால் கூட்டுத்தொகை 4 வருவது 216க்கு மூன்று முறைதான். எங்கள் கதை விளையாட்டில் நண்பனுக்கு முதல் உருட்டிலேயே வந்தது, அதுவும் அவன் ஆடும் வீரனின் பலத்துக்கு. தட்டுவடை செட்டைக் கீழே வைத்துவிட்டு, "மிளகு மூட்டை தூக்குற ஆளுன்னியேடா, இவன் சாக்கைக்கூட மடிக்க மாட்டான் போல" என்றான்.

சேர்வராயன் மலையைக் களமாக வைத்து நாங்களே ஒரு கதை விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். சேலம் அஸ்தம்பட்டி மொட்டைமாடி, ஞாயிறு சாயங்காலம், நாலு பேர். 1974ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டில் வீரனுக்கு ஆறு திறன்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை. அதை அப்படியே எடுத்தது என் தப்பு.

இப்போது நாலே திறன்: பலம், கால், கண், வாய். +2, +1, 0, -1 என்ற எண்களை அவரவர் பிரித்துப் போட்டுக்கொள்ள வேண்டியது. அறிவைத் தூக்கிவிட்டேன், புதிரை அவிழ்ப்பது விளையாடுகிற ஆளா, கதையில் வரும் வீரனா என்று தினம் பஞ்சாயத்து. நண்பன் பலத்துக்கு அவனே -1 போட்டான், முனகலே இல்லை!

இரண்டு பகடை, கூட்டுத்தொகையோடு திறன் எண்ணையும் சேர்த்து 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஜெயம். திறன் 0 என்றால் 36க்கு 15 வாய்ப்பு, +1 என்றால் 21. ஒன்று கூடினதுக்கே இவ்வளவு வித்தியாசம். இருபது முகப் பகடையில் +1க்கு வெறும் ஐந்து சதவீதம்தான் கூடும்.

நேற்று கடைசிக் கொண்டை ஊசி வளைவில் காட்டெருமையை நிறுத்தினேன். "வாய்த்திறன் +2 இருக்கு, பேசி அனுப்பிடட்டா?" என்கிறான் நண்பன். அடுத்த ஞாயிறு வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.