பூட்டி வைத்த மடிக்கணினி

கணினித் தடயங்களை ஆய்வு செய்யும் எனக்கு நிறுவனங்களிலிருந்து வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான்: வேலையை விட்டுப் போனவர் வாடிக்கையாளர் விவரங்களை எடுத்துச் சென்றிருப்பாரோ என்று சந்தேகம், அவருடைய மடிக்கணினி எங்களிடம்தான் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள். அவர் ஒப்படைத்த பிறகு அதை யார் யார் திறந்தார்கள் என்பதே நான் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் அதற்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

ஒரு நிறுவனத்தில் மட்டும் வந்தது. ஒப்படைத்த அன்றே அதை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். வட்டைக் கழற்றி, அதில் ஒரு எழுத்துகூட மாறாதபடி தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவியில் பொருத்தி, முழு நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் எஸ்.எச்.ஏ.-256 மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு நகலில் மட்டுமே வேலை செய்தேன். இதே வகையைச் சேர்ந்த பழைய முறைகளான எம்.டி.5-இல் 2004-லும் எஸ்.எச்.ஏ.-1-இல் 2017-லும் வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு வரும்படி செய்து காட்டிவிட்டார்கள் என்பதால், அவற்றை மட்டும் நம்பி அறிக்கை எழுதுவதில்லை.

விண்டோஸ், இயல்பான அமைப்பில், ஒரு கோப்பு நகலெடுக்கப்பட்டதை எங்கும் பதிவதில்லை. இதைச் சொன்னால் நிர்வாகிகள் நம்ப மறுக்கிறார்கள். விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்தால் எந்தப் பென்டிரைவ் எப்போது செருகப்பட்டது என்று தெரியும், அவ்வளவே. ஆனால் நகலெடுத்தவர்களில் பலர், சரியாக வந்திருக்கிறதா என்று பென்டிரைவிலேயே ஒரு முறை திறந்து பார்ப்பார்கள். அப்போது மடிக்கணினியில் ஒரு சிறிய ஷார்ட்கட் கோப்பு தானாக உருவாகிறது. திறக்கப்பட்ட கோப்பின் பாதை, அது இருந்த வட்டின் அடையாள எண்ணான வால்யூம் சீரியல் எண், அந்தக் கோப்பு உருவான நேரம், கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் ஆகிய நான்கும் அதற்குள் இருக்கும். எனக்குக் கிடைத்ததில் கோப்பு ‘இ’ டிரைவில் இருந்தது. உருவானது பணியின் கடைசி நாள் மாலை, திருத்தப்பட்டதோ அதற்கு மூன்று வாரம் முன்பு. நகலெடுக்கும்போது உருவான நேரம் புதிதாகும், திருத்தப்பட்ட நேரம் பழையதாகவே நிற்கும்; எனவே பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு என்றால் அது வேறிடத்திலிருந்து நகலாக வந்தது என்பதே வழக்கமான விளக்கம். பென்டிரைவ் கையில் இல்லாமலே இவ்வளவும் தெரிந்தது.

இன்னொரு நிறுவனத்தில், மடிக்கணினி வந்த மறுநாளே ஐ.டி. பிரிவினர் அதை ஃபார்மட் செய்து புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, அப்படித்தான் செய்யச் சொல்லப்பட்டிருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்திருந்தால் ஏதாவது மீட்டிருக்கலாம். சில்லுகளில் சேமிக்கும் புதிய வகை வட்டான எஸ்.எஸ்.டி.யில், அழிக்கப்பட்ட இடங்களை டிரிம் கட்டளை வழியே அறிந்து அந்த வட்டே உள்ளுக்குள் துடைத்துவிடுகிறது. என் அறிக்கை அரைப் பக்கத்தில் முடிந்தது.

சர்வர்களில் நிலைமை வேறு விதம். யார் எப்போது உள்நுழைந்தார் என்பது போன்றவற்றைப் பதியும் விண்டோஸின் பாதுகாப்பு லாக் இயல்பாக 20 எம்.பி. அளவோடு நின்று, நிறைந்ததும் பழைய பதிவுகளின் மேலேயே எழுதத் தொடங்கும். பலர் உள்நுழையும் சர்வரில் அது சில நாள்களுக்கோ சில மணிநேரத்துக்கோதான் தாங்கும். ஊடுருவலோ பல வேளைகளில் வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் தெரியவருகிறது. அளவைக் கூட்டி, லாக்குகளின் நகல் வேறொரு கணினிக்கும் போகும்படி அமைப்பது ஒரு பிற்பகல் வேலை; அதைச் செய்யாமல் விலை உயர்ந்த ஆய்வு மென்பொருளை வாங்கி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தாக்குதல் தெரிந்தால் பதற்றத்தில் பலரும் மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். வலையிணைப்பைத்தான் துண்டிக்க வேண்டும். சான்று சேகரிப்புக்கு வழிகாட்டியாக 2002-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3227 ஆவணமும் விரைவில் மறைவதை முதலில் சேகரிக்கவே சொல்கிறது: வட்டுக்கு முன், மின்சாரம் போனதும் அழிந்துவிடும் நினைவகம். ஓடும் நிரல்கள், திறந்திருக்கும் இணைப்புகள், சில வேளைகளில் வட்டின் மறையாக்கச் சாவியும் அங்கேதான் இருக்கும்.

முதலில் சொன்ன விவகாரம் வழக்காடும் கட்டத்துக்குப் போனபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஷார்ட்கட் கோப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒப்படைத்த நாளுக்கும் நான் நகலெடுத்த நாளுக்கும் இடைப்பட்ட 11 நாள்கள் மடிக்கணினி எங்கே இருந்தது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது, எப்போது கை மாறியது என்று நிர்வாகப் பிரிவு ஊழியர் ஒருவர் கோடு போட்ட நோட்டில் தேதியும் நேரமும் கையெழுத்துமாக எழுதி வைத்திருந்தார்.