பழைய வித்தை நூல்களின் விலை எதில் இருக்கிறது?

றெஜினோல்ட் ஸ்கொட் என்ற ஆங்கிலேயர் 1584இல் லண்டனில் வெளியிட்ட, கைவித்தைத் தந்திரங்களை விளக்கும் ‘டிஸ்கவரி ஒவ் விச்கிராஃப்ட்’ நூலைத் திருகோணமலையில் இருந்தபடியே கைப்பேசியில் ஒரு சதம் செலவில்லாமல் வாசிக்கலாம். அதே நூலின் முதற்பதிப்புப் பிரதி ஒன்று ஏலத்துக்கு வந்தால் பல்லாயிரம் டொலருக்குப் போகும். உள்ளே இருப்பதெல்லாம் இலவசமென்றால் அந்தக் காசு எதற்கு? இதை யோசிக்காமல் இறங்குபவர்கள் சும்மா கிடைக்கும் எழுத்துக்குக் காசைக் கொட்டுகிறார்கள். சிலர் வீட்டில் கிடந்த நல்ல பிரதியைப் புத்தகம் கட்டுபவரிடம் கொடுத்து, ஓரம் வெட்டி, புது மட்டை போட்டு அதன் மதிப்பை அழித்துவிடுகிறார்கள்.

முதலில் ஸ்கொட்டையே எடுத்துக்கொள்வோம். சூனியக்காரிகள் என்று பழி சுமத்திக் கிழவிகளைத் தூக்கிலிட்ட காலம் அது. மந்திரம் என்று ஊர் நம்புவதில் எவ்வளவு வெறும் கைவித்தை என்று காட்ட, காசு மறைப்பதையும் சீட்டு மாற்றுவதையும் வெட்டிய தலையைத் தட்டில் வைப்பதையும் செய்முறையோடு எழுதினார். தந்திரங்களை விளக்கும் மிகப் பழைய அச்சு நூல்களில் இது ஒன்று. அதே ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் ழான் பிரெவோ என்பவரின் வித்தை நூலும் வந்தது. ஸ்கொட்டின் நூல் 1651இலும் 1665இலும் மறுபடி அச்சானது. 1665 பதிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. பேய் பிசாசை நம்பாதவர் எழுதிய நூலுக்குள், அவர் செத்துப் பல காலத்தின் பின், யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் ஆவிகளை அழைக்கும் அத்தியாயங்களைச் செருகிவிட்டார். ஆகவே மூன்று பதிப்பும் ஒரே நூல் அல்ல. வித்தை வரலாற்றுக்கு 1584. மாந்திரீகம் சேர்ப்பவர்கள் தேடுவது 1665. “ஸ்கொட் இருக்கிறது” என்று யாராவது சொன்னால் முதற்கேள்வி எந்த ஆண்டு என்பது. இரண்டாவது, கத்தியும் ஊசியும் வெட்டிய தலையும் காட்டும் படத்தாள்கள் உள்ளே இருக்கின்றனவா என்பது. பழைய வித்தை நூல்களில் முதலில் தொலைவது படம்தான்.

ஏன் தொலைகிறது? இந்த நூல்களை வாங்கியவர்களில் பலர் தொழில்காரர். மேசையில் விரித்துவைத்துப் பழகினார்கள், படத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். சமய நூலும் சட்ட நூலும் அலமாரியில் பத்திரமாக இருந்த காலத்தில் வித்தை நூல் கைக்குக் கை தேய்ந்து அழிந்தது. பிற்காலத்தில் வேறொரு காரணமும் சேர்ந்தது. தொழில் இரகசியம் வெளியே போகக்கூடாது என்று வித்தைக்காரர்கள் தங்களுக்குள் விற்கவே சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். சிட்னி கிளார்க்கின் ‘அனல்ஸ் ஒவ் கொஞ்சரிங்’ இதற்கு நல்ல உதாரணம். 1920களில் ஒரு வித்தைச் சஞ்சிகையில் தொடராக வந்து, பிறகு மிகச் சில பிரதிகளாகக் கட்டப்பட்டது. துறையின் அடிப்படை வரலாறு இதுவே என்றாலும் நெடுங்காலம் கண்ணில் கண்டவர்கள் குறைவு. பின்னர் மறுபதிப்புகள் வந்தன. இன்று வாசிக்க விரும்புபவருக்கு மறுபதிப்பே போதும்; மூலப் பிரதிக்குக் கொடுக்கும் விலை முழுக்க அந்தத் தாளுக்குத்தான்.

விலையும் வரலாற்று மதிப்பும் எவ்வளவு தூரம் விலகிப்போகலாம் என்பதற்கு அமெரிக்க வித்தைக்காரர் ஹூடினியின் 1908ஆம் ஆண்டு நூலைப் பாருங்கள். தன் பெயருக்கே மூலமான பிரெஞ்சு வித்தைக்காரர் ரொபேர் ஹூடானைத் திருடன், பொய்யன் என்று நிறுவ எழுதியது. அதில் உள்ள பிழைகளை மொரிஸ் சார்தினா 1947இல் தனி நூலாகவே எழுதிக் காட்டினார். வாதம் தோற்றுப்போனது, விலை தோற்கவில்லை. ஹூடினி பணம் கொட்டிச் சேர்த்த பழைய விளம்பரத் தாள்களின் படங்கள் அதற்குள் இருக்கின்றன. ஹூடினியின் பெயரும் மட்டையில் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட பிரதியென்றால் விலை பல மடங்கு ஏறும், கள்ளக் கையெழுத்தும் அதே வேகத்தில் பெருகும். சுயாதீனமான நிபுணரின் உறுதி இல்லாமல் ஹூடினி கையெழுத்துக்கு மேலதிகமாக ஐந்து சதமும் கொடுக்காதீர்கள்.

இக்காலத்தில் ‘500 பிரதிகள் மட்டும்’ என்று இலக்கமிட்டு வரும் ஆடம்பரப் பதிப்புகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஐந்நூறையும் வாங்கியவர்கள் ஐந்நூறையும் கண்ணாடித்தாள் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். அருமை என்பது எத்தனை அச்சானது என்பதல்ல, எத்தனை தப்பியது என்பது.

தமிழருக்கு இந்தத் துறையில் தனியாக ஒரு அக்கறை இருக்க வேண்டும். ஐரோப்பிய வித்தை வரலாறுகளில் மதராஸ் அடிக்கடி வருகிறது. தென்னிந்தியாவிலிருந்து லண்டன் போய் வாள் விழுங்கிக் காட்டிய ராமோ சாமி 1850இல் அங்கேயே இறந்தார். மதராஸில் ஒரு கையைக் கழியில் ஊன்றி ஆகாயத்தில் அமர்ந்து காட்டிய சேஷால் என்ற பிராமணரைப் பற்றி 1832இல் லண்டன் வார இதழ் ஒன்று படத்தோடு எழுதியது. கழிக்குள்ளும் உடைக்குள்ளும் மறைந்த இரும்புத் தாங்கிதான் அதன் சூட்சுமம். ரொபேர் ஹூடான் 1847இல் பாரிஸில் தன் மகனை மிதக்கவிட்டதும் இதே வகையான ஏற்பாட்டில்தான். எறிந்த கயிறு வானில் நிற்க, சிறுவன் அதில் ஏறி மறைவதாகச் சொல்லும் இந்தியக் கயிற்று வித்தை என்று உலகம் பேசியதை ஊதிப் பெருப்பித்தது 1890இல் சிக்காகோ ட்ரிபியூன் வெளியிட்ட கட்டுக்கதை. பீட்டர் லமொன்ட் 2004இல் வெளியிட்ட நூல் அதை விரிவாக ஆராய்கிறது. இங்கேதான் சிறு முதலுக்கு வழி இருக்கிறது. பழைய வார இதழின் ஒற்றைப் பிரதிக்கும் மேடை விளம்பரத் தாளுக்கும் நூலின் விலை வராது, ஆனால் நம்மவர் பற்றிய முதற்சான்று அவற்றில்தான் கிடக்கிறது. நூறு டொலர் கையில் இருந்தால் தலைப்புப்பக்கம் இல்லாத பெரிய நூலைவிட முழுமையான ஒரு இதழை வாங்குவதே புத்தி.

எங்கள் ஊருக்கு இன்னும் நெருங்கிய நூல் ஒன்று உண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவில் நின்ற கப்பலிலிருந்து மூதூர்ப் பக்கம் இறங்கிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்து தப்பினார். அவருடைய நூல் 1681இல் லண்டனில் வந்தது. வித்தை வரலாறு என்று அதை யாரும் வகைப்படுத்துவதில்லை. ஆனால் கள்வனைப் பிடிக்கத் தேங்காயைக் கோலில் குத்தி மந்திரித்து, அது இழுக்கும் வழியே நடந்து போவதை அவர் எழுதியிருக்கிறார். பிடித்திருப்பவரின் கை தன்னையறியாமல் கோலை நகர்த்துவது பற்றி உளவியல் பேசத் தொடங்கியது இதற்குப் பல காலம் பிறகு.

நொக்ஸின் மூலப் பிரதியை வைத்து, ஒரு பழைய நூலைச் சரிபார்க்கும் முறையைச் சொல்லிவிடலாம். பக்க எண்ணை மட்டும் நம்பக்கூடாது. அக்கால அச்சகங்களில் எண் தவறுவது சாதாரணம். பக்கத்தின் அடியில் உள்ள சிறு எழுத்துக்களைப் பாருங்கள்: அ, ஆ போல ஏ, பி, சி என்று வரும் மடிப்புக் குறிகள், அதாவது மடித்துச் சேர்த்துத் தைத்த தாள்கட்டுகளின் வரிசையைக் காட்டுபவை. ஒவ்வொரு மடிப்பிலும் எத்தனை தாள் என்று எண்ணி, தொடர் அறுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்துப் படங்கள். நொக்ஸில் 15 செப்புத்தகட்டுப் படங்களும் ஒரு மடிப்பு வரைபடமும் இருக்க வேண்டும். சட்டம் போட்டு விற்பதற்காக இவற்றைப் பிய்த்து எடுப்பவர்கள் உண்டு, வரைபடம்தான் முதற்பலி. பிற பிரதியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய தாள் என்றால் புழுத் துளை அயல் தாளோடு பொருந்தாது, விளிம்பு ஓரிரு மில்லிமீற்றர் ஏறியிறங்கும், நீர்க்கறை அந்த ஒரு தாளில் மட்டும் நின்றுவிடும். நவீன நகல் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அக்காலத் தாளில் வார்ப்புச் சட்டத்தின் கம்பிகள் விட்ட கோடுகள் அதில் தெரியாது. ஆங்கில வித்தை நூல்களுக்கு ரேமண்ட் டூல் ஸ்டொட்டின் இரு தொகுதி நூற்பட்டியல் இருக்கிறது, 1581 முதல் 1876 வரை. அந்தப் பட்டியலில் நூலுக்குள்ள இலக்கத்தை விற்பவர் சொல்லாவிட்டால் கேளுங்கள்.

தூரத்திலிருந்து வாங்கும்போது முகப்புப் படத்தை மட்டும் பார்த்து மனம் மயங்கக்கூடாது. தலைப்புப்பக்கம், அதன் பின்புறம், முதுகு, மேல் கீழ் விளிம்பு, ஒவ்வொரு படத்தாள், கடைசிப் பக்கம் ஆகியவற்றின் படங்களைக் கேட்டு வாங்குங்கள். “பழமைக்கேற்ற நிலை” என்ற விபரிப்புக்கு எந்த அர்த்தமும் கிடையாது. விலை பார்க்கும்போது கேட்கும் விலையையும் விற்ற விலையையும் குழப்பாதீர்கள். இணையத்தில் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் விலை, விற்காத விலை. சிக்காகோவின் பொட்டர் அண்ட் பொட்டர் போன்ற, வித்தைப் பொருட்களில் தேர்ந்த ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகள் பொதுவில் கிடைக்கும், அவையே அளவுகோல். ஏலத்தில் சுத்தியல் விழும் தொகையோடு வாங்குபவர் கட்டணமும் சேரும். 400 டொலருக்கு விழுந்தது, கட்டணம் 25 வீதம் என்றால் 500. அனுப்பும் செலவும் காப்புறுதியும் 60 என்றால் 560. சுங்கமும் வங்கி மாற்றும் அதற்குப் பிறகு. இந்தக் கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஏலத்தில் நீங்கள் கேட்கக்கூடிய உச்ச தொகையைக் குறியுங்கள். சுங்கத்துக்காகப் பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்பவர்கள், பொதி தொலைந்தால் அந்தக் குறைந்த பெறுமதியே திரும்பி வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வாங்கியதைத் திருகோணமலையில் காப்பாற்றுவதுதான் உண்மையான வேலை. மூன்று பக்கம் கடல். மார்கழி வாடையில் சுவரே வியர்க்கும். ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சி பெருகும். இலக்கு 45 முதல் 55. இங்கே 60க்குள் வைத்தாலே கெட்டித்தனம். முதலில் ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள். மலிவானவை பிழை காட்டும், சோதிக்க வழி இருக்கிறது: போத்தல் மூடியில் தூள் உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வருமட்டும் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் 12 மணித்தியாலம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள். நிலாவெளி உப்பளத்துப் பரல் உப்பு இதற்கு ஆகாது. அதிலுள்ள மக்னீசிய உப்பு கூடுதல் ஈரம் இழுத்துக் கணக்கைக் கெடுக்கும்.

பெட்டிக்கு, உணவு வைக்கும் தரத்துப் பொலிப்ரொப்பிலீன் பெட்டி, இறப்பர் ஓரமும் கொழுவியும் உள்ளது. பத்து லீற்றர் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல்லில் தொடங்கி, மானியை உள்ளே வைத்துப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். 40க்குக் கீழே போனால் தோல் மட்டை வளையும், முதுகு வெடிக்கும். அதிகம் உலர்த்துவதும் கெடுதிதான். நீலக் குறியுள்ள ஜெல்லில் கோபால்ட் நஞ்சு இருக்கிறது, செம்மஞ்சள் வகையை எடுங்கள். நிறம் மாறினால் 120 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று மணித்தியாலம் சூடாக்கி மீண்டும் பாவிக்கலாம். பலர் மழை தொடங்கியதும் அவசரமாகப் பெட்டியில் அடைக்கிறார்கள். புத்தகம் ஏற்கெனவே குடித்த ஈரத்தோடு பூட்டினால் பெட்டிக்குள் பூஞ்சணப் பண்ணை. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் வெயிலடிக்கும் பிற்பகலில், வெயில் நேரே படாத அறையில் சில நாள் ஆறவிட்டுப் பிறகு அடையுங்கள்.

பூச்சி இருக்கிறதென்று சந்தேகித்தால் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்று நீக்கிச் சுற்றி, வீட்டு உறைகுளிரூட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காமல் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் தாளில் நீர் படியும். தோல் மட்டைக்கு இந்த வைத்தியம் வேண்டாம். அந்துருண்டை, செலோடேப், மாப்பசை, லெமினேஷன் நான்கும் வீட்டுப் புத்தக அலமாரிக்கு எதிரிகள். கறையானுக்கு இரும்புத் தட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

கடைசியாக ஏடுகள். “மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைப்பார்கள்” என்று யாழ்ப்பாணத்தார் சொல்வது கிழக்கின் மாந்திரீகப் புகழை வைத்துத்தான், அந்தப் புகழின் எழுத்து வடிவம் வீட்டுப் பரண்களில் பனையோலையாகக் கிடக்கிறது. விலை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் தனி ஓலையாகப் பிரித்து விற்க நினைப்பவர்கள். கயிறு அவிழ்க்க வேண்டியிருந்தால் முதலில் இருக்கும் வரிசைப்படியே ஒவ்வொரு ஓலையையும் இருபுறமும் படமெடுங்கள். துளை, சட்டப்பலகை, ஓலை எண், இறுதியில் எழுதியவர் பெயர் இருந்தால் அது, எல்லாம் படத்தில் விழ வேண்டும். மண்ணெண்ணெய் பூசாதீர்கள்; உலர்ந்த மென் தூரிகை போதும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. படத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஏட்டை வீட்டிலேயே வைத்திருப்பது பற்றிப் பேசிப் பார்க்கலாம். நாட்டை விட்டு அனுப்பும் எண்ணம் இருந்தால், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனங்கள் சட்டப்படி அரிய கையெழுத்துப் படிகளுக்கும் பழைய நூல்களுக்கும் ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் தேவைப்படும். அது இல்லாமல் பொதி கட்ட வேண்டாம்.