நீராவிக் கப்பல் காலத்துப் பசிபிக் தபால்: ஒரு கண்காட்சித் தொகுப்பை உருவாக்கிய அனுபவம்

அஞ்சல்தலைக் கண்காட்சிகளில் அஞ்சல் வரலாறு என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. அதில் பங்கேற்பவர் அழகான அஞ்சல்தலைகளை வரிசையாக வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் உறையும் எங்கே புறப்பட்டது, எந்தக் கப்பலில் ஏறியது, எந்தத் துறைமுகத்தில் கைமாறியது, அதற்கு ஏன் அந்தக் கட்டணம் என்பதை அந்த உறையைப் பொருத்திவைக்கும் தாளிலேயே நிறுவிக் காட்ட வேண்டும். பசிபிக் பெருங்கடலின் ஒதுக்குப்புறத் தீவுகளுக்கு நீராவிக் கப்பல் காலத்தில் தபால் போய்ச் சேர்ந்த விதத்தை நான் பொருளாக எடுத்துக்கொண்டேன். இத்தகைய முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அந்த வேலை நடந்த முறையை எழுதுகிறேன்.

இந்தப் பொருளைக் கப்பலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அஞ்சல்தலை பிறகு வருவது. அரசாங்கம் மானியம் தந்தால் ஒழிய, அல்லது கொப்பரை ஏற்றும் வாய்ப்பு இருந்தால் ஒழிய, எந்தக் கப்பல் நிறுவனமும் ஒரு சிறு தீவுக்காகத் தன் வழியைவிட்டு விலகாது. சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஆக்லாந்து, சிட்னி நகரங்களுக்கும் இடையே ஓடிய தபால் கப்பல்கள் நியூசிலாந்து, நியூ சவுத் வேல்ஸ் அரசுகளின் மானியத்தை நம்பியே ஓடின. இடையிலிருந்த சமோவாவுக்கு அந்தக் கப்பல்கள் செய்த உதவியும் ஓர் எல்லையோடு நின்றது: 1880களில் அவை டுட்டுவிலா தீவின் அருகே தபால் பைகளைச் சிறு பாய்க்கப்பலுக்கு மாற்றிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து சமோவாவின் முக்கியத் துறைமுகமான ஆபியா வரை கொண்டு சேர்ப்பது உள்ளூர்க்காரர்களின் பாடு. தெற்கே, 1875இல் நியூசிலாந்தின் டனீடினில் தொடங்கப்பட்ட யூனியன் நீராவிக் கப்பல் நிறுவனம் பிஜி, டோங்கா, சமோவா தீவுகளைச் சுற்றிவரும் கப்பல்களை ஓட்டியது. சிட்னியின் பர்ன்ஸ் பிலிப் நிறுவனம் மேற்கிலிருந்த தீவுகளுக்கு ஆஸ்திரேலியத் தபால் ஒப்பந்தத்தைப் பெற்றிருந்தது. இந்த வழித்தடங்களை ஒரு வரைபடத்தில் முதலில் குறித்துக்கொண்ட பிறகே உறைகளை வாங்கத் தொடங்கினேன்.

உறை கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது, அதன் முத்திரைத் தேதிகளைக் கப்பல் வரவுகளோடு பொருத்திப் பார்ப்பது. இதற்குப் பெருந்துணையாக இருப்பவை அக்காலச் செய்தித்தாள்கள். நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’, ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’ ஆகிய இரண்டு இணையக் களஞ்சியங்களிலும் பழைய நாளிதழ்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். எந்தக் கப்பல் எப்போது வந்தது, எப்போது புறப்பட்டது, இன்ன தீவுக்கான தபால் பை எத்தனை மணிக்குக் கட்டப்படும் என்றெல்லாம் துறைமுகப் பத்தியில் அச்சிட்டிருப்பார்கள். மங்கிய அச்சைக் கணினி தவறாகப் படிப்பதால் கப்பலின் பெயரை மட்டும் தேடினால் பல வரவுகள் தப்பிவிடும்; தேதியை வைத்து அந்த நாளின் பக்கத்தைத் திறந்து கண்ணால் படிப்பதே உறுதியான வழி. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் உறையிலுள்ள முத்திரையும் பத்தியிலுள்ள வரியும் ஒரே தேதியில் வந்து நிற்கும்போது கிடைக்கும் நிறைவை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

சமோவா உறைகளில் ஒரு கூடுதல் கவனம் தேவை. சர்வதேசத் தேதிக் கோட்டின் எந்தப் பக்கத்து நாளைக் கொள்வது என்பதை அந்தத் தீவுகள் 1892இல் மாற்றிக்கொண்டன. அவ்வாண்டு ஜூலை 4ஆம் தேதி அங்கே இரண்டு முறை வந்தது. ஆகவே அதற்குப் பிந்தைய ஆபியா உறைகளில், நியூசிலாந்து வரையிலான பயண நாட்களை முத்திரைகளைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு நாள் அதிகமாகத் தெரியும். இதைத் தாளில் ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டால் நடுவருக்கு ஐயம் எழாது.

தொகுப்பில் என் மனத்துக்கு நெருக்கமான பகுதி டோங்காவின் வடகோடித் தீவான நியுஅஃபோஓ. எரிமலையின் உச்சி கடலுக்கு மேல் வளையமாக நிற்பதே அந்தத் தீவு. துறைமுகமும் கிடையாது, நங்கூரம் பாய்ச்ச ஏற்ற ஆழமற்ற இடமும் கிடையாது. அங்கே தோட்டத்தைக் கவனித்துவந்த வில்லியம் டிராவர்ஸ் என்பவர் 1882இல் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார்: தீவுக்கான கடிதங்களைப் பிஸ்கட் தகர டப்பாவில் அடைத்து, நீர் புகாதபடி மூடி, கடந்துசெல்லும் கப்பலிலிருந்து கடலில் போட்டுவிட வேண்டும், தீவு ஆட்கள் நீந்திவந்து எடுத்துக்கொள்வார்கள். டோங்கா தன் முதல் அஞ்சல்தலையை வெளியிட்டதே 1886இல்தான் என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். நீச்சல்காரர்கள் ஆள் உயர மரக்கழியைப் பிடித்து மிதந்தபடி வருவார்கள். தீவிலிருந்து போகும் கடிதங்களை எண்ணெய்த் தாளில் சுற்றிக் குச்சியின் நுனியில் கட்டி, நனையாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கப்பலுக்குக் கொண்டுசேர்ப்பார்கள். 1931இல் நீச்சல்காரர் ஒருவரைச் சுறா கொன்றதை அடுத்து, டோங்கா அரசி சலோட்டே தபாலுக்காக நீந்துவதைத் தடைசெய்தார். அதன்பின் துடுப்புப் படகுகளில் போய் எடுத்தார்கள்.

இந்தத் தீவின் உறைகளை வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1930 அக்டோபரில் முழுச் சூரிய கிரகணத்தைக் காண அறிவியலாளர்கள் அங்கே வந்ததால் தீவின் பெயர் உலகெங்கும் பரவியது. வால்டர் குவென்செல் என்ற வணிகர் சேகரிப்பாளர்களுக்காகவே பல மொழிகளில் ரப்பர் முத்திரைகள் செய்து உறைகளில் குத்தி அனுப்பினார். என்னிடமுள்ள ஓர் உறையில் ஊதா, பச்சை, சிவப்பு முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து முகவரிக்கே இடமில்லாமல் செய்திருக்கின்றன. பார்க்க அழகு; விலையும் குறைவு. ஆனால் அஞ்சல் வரலாறு என்ற அளவில், ஒரு கொப்பரை வியாபாரி ஆக்லாந்துக்கு எழுதிய, ஓரத்தில் நீர்க்கறை படிந்த, ஒற்றை முத்திரை கொண்ட சாதாரண உறையே என் கணிப்பில் மேலானது. அத்தகைய ஒன்று கிடைக்கும்வரை இந்தப் பகுதிக்கான தாள்களை நான் எழுதவில்லை.

தென் பசிபிக்கிலுள்ள பிட்கேர்ன் தீவுக்கான பகுதி எளிதாக அமைந்தது. 1914இல் பனாமா கால்வாய் திறந்தபின் நியூசிலாந்துக் கப்பல்களின் வழியில் அந்தத் தீவு வந்துவிட்டது. கப்பல் தலைவர் சம்மதித்து, கடலும் சம்மதித்தால் கப்பல் நிற்கும், தீவினர் நீள்படகுகளில் போய்ப் பைகளை இறக்குவார்கள். அங்கே அஞ்சல்தலையே இல்லாததால் 1921 முதல் அஞ்சல்தலையின்றி அனுப்பும் சலுகை இருந்தது. அது முறைகேடாகப் பயன்பட்டதால் 1926இல் நிறுத்தப்பட்டது. 1927 ஜூனில் நியூசிலாந்து அஞ்சல் முகமை திறக்கப்பட்டது. 1940 அக்டோபர் 15 அன்று தீவின் சொந்த அஞ்சல்தலைகள் வந்தன. இந்த மூன்று கட்டங்களுக்கும் உறைகள் இருந்தால் கதை தானாக நகரும். ‘தலைகள் கிடைக்கவில்லை’ என்ற முத்திரையோடு கூடிய முதல் கட்ட உறைகளில் போலிகளும் உலவுவதால், நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்காதிருப்பது நல்லது.

கண்காட்சியில் தாள்களை மாட்டிவைக்கும் ஒரு சட்டகத்துக்குப் பதினாறு தாள்கள் என்பதால் பலவற்றைக் கைவிட நேர்ந்தது. தொகுப்பை 1946ஆம் ஆண்டோடு முடித்தேன். அவ்வாண்டு எரிமலை வெடித்ததில் நியுஅஃபோஓ மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள், தபாலும் நின்றது. கண்காட்சியில் பார்வையிட்ட நடுவர், வழித்தட விளக்கம் தெளிவாக இருப்பதாகவும் கட்டண அட்டவணை ஒன்று முன்பக்கத்திலேயே வர வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த கண்காட்சிக்கு அந்தத் தாளைச் சேர்த்து, அதற்கு இடம்விட டுட்டுவிலா உறைகளில் ஒன்றை எடுத்துவிட்டேன்.