ஓமான் வேலையும் என் இனிஷியலும்

தாம்பரம் பக்கம் ஒரு தனியார் கலைக்கல்லூரியில் ஏழு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். சம்பளத்தைச் சொல்லி அழப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2023-இல் வெளிநாட்டில் முயற்சி செய்யலாம் என்று இறங்கி, 2024 ஆகஸ்ட் கடைசியில் ஓமானில் நிஸ்வாவுக்கு வந்து சேர்ந்தேன். நடுவில் பட்டதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஐந்தாறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பித்தேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் என்பது எனக்குப் பத்துப் பதினைந்து மெயில் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. வளைகுடா வேறு மாதிரி. ஓமான் பிள்ளைகள் பெரும்பாலும் அரபியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வருகிறார்கள், கல்லூரியில் நிறையப் பாடங்கள் ஆங்கிலத்தில், அதனால் டிகிரிக்கு முன்னால் ஆங்கிலம் பழக ஃபவுண்டேஷன் என்று ஒரு படிப்பு. சவுதியில் அதையே ஆயத்த ஆண்டு என்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு வேலை இருப்பது அங்கேதான். இலக்கியம் நடத்தப் போகிறோம் என்ற நினைப்பு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

என் முதல் இன்டர்வியூ கவிழ்ந்ததும் அந்த நினைப்பால்தான். கால் மணி நேரம் டெமோ கேட்டார்கள். நான் நம் ஊர் வழக்கப்படி ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு மூச்சு விடாமல் பேசி, கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்டேன். எதிரில் இருந்த அம்மா சிரித்தபடி, "புரிந்ததென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அத்தோடு சரி.

அதன் பிறகுதான் கையில் இருந்த காசைப் போட்டு செல்டா முடித்தேன், ஆன்லைனில். பிற மொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தருவதற்கான சான்றிதழ் படிப்பு அது. குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும், ஒருவர் அதைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார். எம்.ஏ.வில் கற்றுத்தராத ஒன்றை அங்கே கற்றேன். முன்பு வழக்கமாகச் செய்து இப்போது விட்டதைச் சொல்லும் 'யூஸ்டு டு' நடத்தினால் "புரிந்ததா" என்று கேட்கக் கூடாது, "அவர் முன்பு சிகரெட் பிடித்தாரா? இப்போது பிடிக்கிறாரா?" என்று கேட்க வேண்டும். அடுத்த இன்டர்வியூவில் இதையேதான் செய்து காட்டினேன். ஓமான் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், அவர்களுக்கு ஒன்பதரை என்றால் நமக்குப் பதினொன்று.

நடுவில் ஒரு கன்சல்டன்சி ஒன்றரை லட்சம் கேட்டது. கொடுக்கவில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று அரசு வைத்திருக்கும் உச்சவரம்பே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். யாரிடமாவது பணம் கொடுக்கும் முன், வெளிநாட்டு வேலைக்கான அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை கிடைத்த பிறகுதான் உண்மையான பரீட்சை. டிகிரிக்கு அப்போஸ்டில் வேண்டும், அதாவது நம் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான முத்திரை. அதற்கு முன்னால் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்திடம் சான்றிதழ் உண்மையானதுதான் என்று ஒரு கடிதம், பிறகு கோட்டையில் உயர்கல்வித் துறை முத்திரை, அப்புறம்தான் வெளியுறவுத் துறை. அவர்கள் நம்மிடம் நேரடியாக வாங்குவதில்லை, அங்கீகரித்த ஏஜென்சி வழியாகத்தான். அப்போஸ்டில் கட்டணம் 50 ரூபாய், ஏஜென்சிக்கும் அலைச்சலுக்கும் ஆனதுதான் செலவு. நான் அலைந்த சமயத்தில் எமிரேட்ஸுக்கு அப்போஸ்டில் செல்லாது, தூதரக முத்திரை தனியாக வாங்க வேண்டும். அந்த வகையில் ஓமான் பரவாயில்லை.

எல்லா முத்திரையும் வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பினால், அங்கிருந்து ஒரு வரி: "சான்றிதழில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் வேறு வேறு ஆட்களா?" டிகிரியில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பாவின் முழுப்பெயர். பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டில் இனிஷியல் முன்னால், எம்.ஏ.வில் பின்னால். நாம் பிறந்ததிலிருந்து இப்படித்தான் எழுதுகிறோம், ஆனால் மஸ்கட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்கி, அதற்கும் முத்திரை குத்தி அனுப்பியதில் ஏழு வாரம் போனது. வேலை தேடத் தொடங்கிய அன்றே இதைச் செய்து வைத்திருக்கலாம். போலீஸ் சான்று சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் 500 ரூபாய், மெடிக்கல், இதெல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. தொலைதூரக் கல்வியில் வாங்கிய பி.எட். மட்டும் பீரோவிலேயே இருக்கிறது, ரெகுலர் படிப்புதான் கணக்கு என்றார்கள்.

சேர்ந்த முதல் நாள் அடையாள அட்டையும் மின்னஞ்சலும் கொடுத்தார்கள். இரண்டிலும் அப்பாவின் பெயர்தான் பெரிதாக, என் பெயருக்கு ஒற்றை எழுத்து. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அப்பா அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாராம்.