மூன்று விநாடி

ஜனவரி 11, 2025

பதினாறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. நவம்பரில் எங்கள் டீமையே கலைத்துவிட்டார்கள். அடுத்த கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பாமல், மூன்று நாளாக நியூ ஜெர்சி கல்வித் துறையின் விதிமுறைகளோடு மல்லுக்கட்டுகிறேன். கணக்கு டீச்சர் ஆகப் போகிறேன்.

என்னைப் போல வேறு வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே 'அல்டர்னேட் ரூட்' என்ற மாற்று வழி உண்டு. 1980களிலேயே வந்துவிட்ட ஏற்பாடு. டிகிரி, ஆசிரியர் வேலைக்கான ப்ராக்சிஸ் பரீட்சை, 50 மணி நேர முன்பயிற்சி எல்லாம் முடிந்தால் 'சி.இ.' என்ற தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். அது வேலை தேடுவதற்கான அனுமதி, அவ்வளவுதான். ஒரு பள்ளி நம்மை எடுத்துக்கொண்டால்தான் ப்ரொவிஷனல், அதாவது தற்காலிகச் சான்றிதழ். அப்புறம் பகலில் பாடம் நடத்திக்கொண்டே, மாலையில் பாடம் நடத்துவது எப்படி என்று படிக்க வேண்டும்; மொத்தம் 400 மணி நேரம்.

"குளத்தில் குதித்த பிறகு நீச்சல் கிளாஸா?" என்றார் கணவர். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 29

இந்திய டிகிரியை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். கணக்கில் 30 கிரெடிட், அதில் 12 மேல்நிலைப் பாடங்களாக இருக்கணும். மார்க் ஷீட்களைத் தரையில் பரப்பி எண்ணினேன். காலேஜ் கணக்குப் பேப்பர்கள் எம்-1, எம்-2, டிஸ்கிரீட் மேத்ஸ், நியூமரிக்கல் மெத்தட்ஸ்... எம்-3யில் அரியர். இருபது வருடமாக யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றிய ரகசியம், இப்போது கணக்கு டீச்சர் வேலைக்கான ஃபைலில் முதல் பக்கம்.

மார்ச் 15

மதிப்பீடு வந்தது. மூன்று கிரெடிட் குறைகிறது. கோடையில் கவுண்டி காலேஜில் புள்ளியியல் ஒரு பேப்பர் எழுதிவிடலாம்.

இன்றுதான் ப்ராக்சிஸ். 66 கேள்வி, மூன்று மணி நேரம், திரையிலேயே கால்குலேட்டர். வடிவியலில் கொஞ்சம் திணறினேன். ஆனால் ஒரு மாணவன் போட்ட தப்புக் கணக்கைக் கொடுத்து, எங்கே சறுக்கினான் என்று கேட்கும் கேள்விகள் இருந்தனவே, அவை எனக்கு அல்வா. பதினாறு வருடம் அடுத்தவர் கோடில் பிழை தேடிச் சம்பளம் வாங்கியவள் இல்லையா.

ஏப்ரல் 24

முன்பயிற்சிக்காக ஓர் ஏழாம் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "மைனஸ் மூன்று, மைனஸ் ஐந்து. எது பெரியது?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் சும்மா நின்றார். மார்க்கர் மூடியைத் திருகினார். கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. பதிலை நானே கத்திவிடுவேன் போலிருந்தது. அதற்குள் ஜன்னலோரப் பெண் ஒருத்தி கையைத் தோள் அளவுக்கு மட்டும் தூக்கினாள். அதுவரை அவள் வாயே திறக்கவில்லை.

வெளியே வந்ததும் ஆசிரியரிடம் கேட்டேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே அளந்து பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்களாம். அதை மூன்றாக்கினால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். எம்-1 முதல் எம்-4 வரை எதிலும் இது இல்லை.

ஜூன் 6

உடலியல், சுகாதாரப் பரீட்சையும் பாஸ். கணக்கு டீச்சருக்கு இது எதற்கு என்று இன்னும் விளங்கவில்லை. கைரேகையும் கொடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 19

சி.இ. வந்த கையோடு ஆறு நேர்காணல். ஐந்து இடங்களில் அனுபவம் கேட்டார்கள். ஆறாவது பள்ளி எடுத்துக்கொண்டது. அங்கே கணக்கு டீச்சருக்குப் பஞ்சம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துணைக்கு ஒரு மென்டர் உண்டு.

செப்டம்பர் 9

மூன்றாவது பீரியட். பின்னங்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. உள்ளங்கை வியர்த்தது. மூன்று எண்ணுவதற்குள் முதல் பெஞ்சுப் பையன் கை தூக்கினான்.

"மிஸ், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"