மாருதி எட்டுநூறு காருக்கு எல்இடி போட்ட கதை, நடுவுல பேட்டரி படுத்த கதை

அப்பாவோட 2004 மாடல் மாருதி 800. ராத்திரி ஓட்டுனா மீட்டர் லைட்டு எரியுதா இல்லையான்னே தெரியாது, பூஜை ரூம் ஜீரோ வாட்ஸ் பல்பு இதவிட பளிச்சுனு இருக்கும். எல்இடி மாத்துறது ஒரு மணி நேர வேலைன்னு நெனச்சுதான் ஆரம்பிச்சேன், மூணு ஞாயித்துக்கிழமை போச்சு.

முதல் ஞாயிறு. பேட்டரி மைனஸ கழட்டிட்டு, மீட்டர் மூடிய எடுத்து, பின்னாடி கைய விட்டு ஸ்பீடோ கேபிள் கிளிப்ப அமுக்கி எடுக்கணும், இதுல முழங்கை சிராய்ச்சது தனி. பல்பெல்லாம் கண்ணாடி கறுத்துப்போய் இருந்துச்சு. சென்னைல வண்டி சாமான் கடைங்க இருக்குற ஜிபி ரோடுல பழைய பல்ப காட்டி டி10 சைஸ்ல எல்இடி வாங்குனேன், குட்டி வார்னிங் லைட்டுக்கு டி5. பழைய பல்ப கையில கொண்டு போங்க, வாய்ல சொல்லி வாங்குனா ரெண்டு தடவ அலையணும். முதல்ல ஆசைப்பட்டு ஐஸ் ப்ளூ வாங்கிட்டேன். ராத்திரி பத்து நிமிஷம் ஓட்டுனதும் கண்ணு கூச ஆரம்பிச்சுருச்சு, ரோடு இருட்டாவும் மீட்டர் மட்டும் டிவி கடை மாதிரியும் இருக்கு. மறுநாளே திருப்பிக் குடுத்துட்டு வார்ம் ஒயிட் வாங்குனேன். ஒளி ஒரே இடத்துல புள்ளியா விழுந்துச்சு, எல்இடி மூக்குல எமரி ஷீட்ட லேசா தேய்ச்சதும் பரவி விழ ஆரம்பிச்சுது.

ரெண்டாவது ஞாயிறு எல்லாத்தையும் மாட்டிட்டு பார்க்கிங் லைட் சுவிட்ச போட்டா, டப். ஃபியூஸ் போச்சு. இன்னொன்னு போட்டேன், அதுவும் போச்சு. மீட்டர் லைட்டும் டெயில் லைட்டும் ஒரே ஃபியூஸ்ல வருது, அதனால எங்க ஷார்ட்டுனு உடனே சொல்ல முடியாது. எங்க தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு வித்த சொல்லிக் குடுத்தாரு, ஃபியூஸ் இருக்குற எடத்துல 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்ப ஒயர் வெச்சு மாட்டு, ஷார்ட் இருந்தா அது முழு வெளிச்சத்துல எரியும், ஷார்ட்ட எடுத்தவுடனே அணைஞ்சுரும், ஃபியூஸ் காசு மிச்சம்னாரு. பார்க்கிங் பல்பு, டெயில் பல்பெல்லாம் மொதல்ல கழட்டிரணும், இல்லாட்டி அதுங்க வழியா கரண்ட் போய் இது மங்கலா எரிஞ்சு நம்மள குழப்பும். மாட்டிட்டு ஒவ்வொரு ஹோல்டரா திருகி எடுத்துட்டே வந்தேன். நாலாவது ஹோல்டர எடுத்ததும் பல்பு அணைஞ்சுது. கிட்ட வெச்சுப் பாத்தா எல்இடியோட ஒரு கால் கம்பி சரியா மடங்காம வெளிய துருத்திகிட்டு, பக்கத்துல எர்த் போற செம்புப் பட்டைய தொட்டுட்டு இருக்கு. அரை மில்லிமீட்டர் கம்பிக்கு அரை நாள் போச்சு.

சரி முடிஞ்சுதுன்னு நிம்மதியா நாலு நாள் ஓட்டுனேன், எல்லாம் ஆபீஸ் டிராஃபிக்ல ஊர்ந்து போற ஓட்டம்தான். அஞ்சாவது நாள் காலைல சாவி திருப்புனா கட்டக் கட்டக்குனு சத்தம் மட்டும். மல்டிமீட்டர் வெச்சா 11.6 வோல்ட். பக்கத்து வீட்டு வண்டில ஜம்ப் பண்ணி ஸ்டார்ட் பண்ணிட்டு மறுபடி வெச்சேன், இஞ்சின் ஓடுது ஆனா 12ஐ தாண்டல, சார்ஜே ஆகல. இஞ்சின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் போச்சு, செலவு வந்துருச்சுனு நெனச்சுகிட்டே ஆக்ஸிலரேட்டர அமுக்குனேன், திடீர்னு 14.1க்கு தாவுச்சு!

அப்பதான் பொறி தட்டுச்சு. சாவி ஆன் பண்ணா எரியணுமே பேட்டரி லைட், அத நான் இத்தன நாளா கவனிக்கவே இல்ல, எல்இடிய தலைகீழா மாட்டிருக்கேன், அதுல கரண்ட் ஒரு பக்கமாதான் போகும். அந்த லைட்டு சும்மா எரியுற லைட்டு இல்லங்க. ஸ்டார்ட் பண்ணும்போது ஆல்டர்னேட்டர் உள்ள காந்தமா மாறுற ஃபீல்டு காயிலுக்கு முதல் கரண்ட் அந்த பல்பு வழியாதான் போகுது, பழைய பல்புல நூறு மில்லி ஆம்பியருக்கு மேல போகும், எல்இடில இருவதுதான். தலைகீழா இருந்தா அதுவும் இல்ல. திருப்பி மாட்டிப் பாத்தேன், லைட் எரிஞ்சுது, ஆனா அப்பவும் ஐடிலிங்ல சார்ஜ் ஏறல, ஒரு தடவ ரைஸ் பண்ணாதான் ஏறுது. எல்இடிக்கு பேரலலா 100 ஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்டர் போட்டா சரியாகும்தான், ஆனா மீட்டருக்குப் பின்னாடி சூடாகுற ஒரு சாமான தொங்கவிட எனக்கு மனசு வரல. கறுப்பா இல்லாத ஒரு பழைய பல்ப பொறுக்கி அங்க போட்டேன். ஸ்டார்ட் பண்ணதுமே 14 வோல்ட்.

மூணாவது ஞாயிறு எல்லாத்தையும் மூடியாச்சு. அப்பா ராத்திரி ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து, ஸ்பீடு முள்ளு இப்பதான்டா தெரியுதுன்னாரு. பெட்ரோல் முள்ளுக்கிட்ட வலது ஓரம் இன்னும் இருட்டாதான் இருக்கு, அங்க பக்கவாட்டுல ஒளி விழுற மாதிரி எல்இடி கெடைக்குதானு எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்ல பாக்கணும்.