எங்கள் விறகைத் திருடியது யார்?

எங்கள் வீட்டு விறகை யாரோ திருடுகிறார்கள் என்று நான் மனைவியிடம் அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "விறகையா? நம்ம சைக்கிள் ஆறு மாசமா பூட்டு இல்லாம வெளியே நிக்குது. அதையே ஒருத்தரும் தொடலைங்க" என்றாள்.

நியாயமான பேச்சுதான். ஆனால் என் கையில் அளவு டேப் இருந்தது. டேப் பொய் சொல்லாது.

நடந்தது இதுதான். எங்கள் கூடத்தில், குளிருக்கு விறகு எரிக்கிற ஓர் இரும்புக் கணப்பு இருக்கிறது. போன குளிர்காலம் முழுக்கப் பை பையாக விறகு வாங்கி எரித்ததில் கட்டுப்படியாகவில்லை. இந்தமுறை குளிர் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே மொத்தமாக வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். விறகுக்காரர் இரண்டு விதமாகத் தருவதாகச் சொன்னார். கணப்புக்கு ஏற்ற நீளத்தில் வெட்டித் தந்தால் விலை கூடுதல். ஒரு மீட்டர் கட்டையாக அப்படியே வாங்கிக்கொண்டால் குறைவு. எங்கள் கணப்பின் வாயில் 33 சென்டிமீட்டர் கட்டைதான் நுழையும். ஒரு மீட்டரை மூன்றாக வெட்டினால் 33. எனக்கென்றே யாரோ போட்டுவைத்த கணக்கு! செயின் ரம்பமும் கைவசம் இருந்தது. பெட்டியைத்தான் இன்னும் பிரிக்கவில்லை.

விறகு வாங்குவதில் இருக்கிற ஏமாற்றை எல்லாம் படித்துத் தயாராகத்தான் இருந்தேன். நிறுத்து வாங்கினால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். அளந்து வாங்கினால் காற்றுக்குக் காசு கொடுக்கிறோம். அதிலும் லாரியிலிருந்து சரித்துக் கொட்டிய குவியல், அதே விறகை ஒழுங்காக அடுக்கினால் ஆகும் அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். அதனால் "கொட்டக் கூடாது, அடுக்கித்தான் அளக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவரும் அடுக்கினார். கட்டை நீளம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டர், அட்டியின், அதாவது அடுக்கின், நீளம் நான்கு மீட்டர். மூன்று தடவை அளந்தேன். நாலு கன மீட்டர், ஒரு சென்டிமீட்டர் குறையவில்லை. நான் நாலாவது தடவை குனிந்தபோது அவர் லாரியில் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

அப்புறம் ஈரமானியை எடுத்தேன். இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கருவி. மரத்தில் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். 20-க்குக் கீழே இருந்தால் எரிக்கத் தகுந்த விறகு. கட்டையின் நுனியில் குத்தினேன். 17. இன்னொன்றில் 16. விறகுக்காரர் பக்கம் திரும்பி ஒரு பரீட்சை அதிகாரி மாதிரித் தலையசைத்தேன்.

அடுத்த இரண்டு வார இறுதிகளும் ரம்பத்தோடு போயின. கட்டையைத் தாங்குகிற மரச்சட்டத்தில் ஒன்றொன்றாகத் தூக்கி வைத்து இரண்டு வெட்டு, மூன்று துண்டு. முதல் நாள் மாலை கை உதறலில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. காதுக்குள் மறுநாள் மதியம் வரை ரம்பம் ஓடியது. எல்லாத் துண்டுகளையும் பின்பக்கக் கொட்டகையில் மூன்று வரிசையாக, முன்பு இருந்த அதே ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினேன். சுவரில் நான்கு மீட்டருக்கு முன்கூட்டியே சாக்பீஸ் கோடும் போட்டு வைத்திருந்தேன். கடைசித் துண்டை வைத்து நிமிர்ந்து பார்த்தால், கோடு அங்கே தனியாக நிற்கிறது. அட்டி 2.8 மீட்டரில் முடிந்துவிட்டது.

முதலில் ரம்பத்தூள் மேல் சந்தேகப்பட்டேன். ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மரம் தூளாகும். கட்டைக்கு இரண்டு வெட்டு. ஆக இரண்டு சதவீதம். காணாமல் போயிருப்பது முப்பது சதவீதம். அப்படியானால் திருட்டுத்தான்.

சந்தேகப்படப் பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தவிர ஆள் இல்லை. எழுபது வயதைத் தாண்டியவர், யார் வம்புக்கும் போகாதவர். ஆனால் சாட்சியங்கள் அவருக்கு எதிராக இருந்தன. எங்கள் அட்டி இளைத்த அதே இரண்டு வாரத்தில் அவருடைய அட்டி கொழுத்திருந்தது. போதாதா?

அன்றே ஒவ்வொரு துண்டின் நுனியிலும் சாக்பீஸால் எண் எழுதத் தொடங்கினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசி எண் 450. மறுநாள் காலை சரிபார்த்தேன், எல்லாம் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. "அப்போ திருடன் இல்லைதானே?" என்றாள் மனைவி. எண் போட்டதைப் பார்த்து உஷாராகிவிட்டான் என்பது என் வாதம். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை.

மூன்றாம் நாள் இரவு கம்பளிக்குள் புகுந்து சமையலறை ஜன்னலோரம் காவலுக்கு உட்கார்ந்தேன். விழித்திருக்க வேண்டுமே என்று கைபேசியில் விறகு அளவைகளைப் பற்றியே படித்தேன். மனிதன் விறகை அளக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 1795-இல் பிரான்ஸ் மெட்ரிக் அளவுகளைச் சட்டமாக்கியபோது, விறகுக்கென்றே 'ஸ்டேர்' என்று ஓர் அலகை வைத்தார்கள். ஒரு கன மீட்டர்தான் அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 'கார்டு' என்கிறார்கள். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம், ஆக 128 கன அடி. அந்தக் காலத்தில் கயிறு கட்டி அளந்ததால் வந்த பெயராம். இதில் 'ஃபேஸ் கார்டு' என்று ஒன்று உண்டு. முகப்பில் அதே 4 அடிக்கு 8 அடிதான். ஆனால் ஆழம் ஒரே ஒரு துண்டு. 16 அங்குலத் துண்டு என்றால், முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு முழுக் கார்டாகத் தெரியும், உண்மையில் மூன்றில் ஒரு பங்கு. முன்பக்கம் மட்டும் ஜோடித்த வீடு மாதிரி. பெயரைச் சொல்லும்போது முதல் பாதியை விழுங்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது.

எப்போது தூங்கினேனோ தெரியாது. "டப்" என்ற சத்தத்தில் விழித்தேன். லேசாக விடிந்திருந்தது. கொட்டகையில் ஓர் உருவம், இரண்டு கையிலும் இரண்டு கட்டை. என் கட்டை! எண்கள் கூடத் தெரிந்தன: 212, 213.

கம்பளியோடு ஓடினேன். "ஐயா!" என்று நான் கத்தியதில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. பெரியவர் திடுக்கிடவே இல்லை. இரண்டு கட்டையையும் ஒன்றோடொன்று தட்டினார். "டப்."

"கேட்டீங்களா தம்பி?"

"என்னத்தை?"

"காய்ஞ்ச விறகுன்னா டங்குன்னு கேக்கும். இது டப்புங்குது. ரெண்டு வாரமா நீங்க படுற பாட்டைப் பாத்துக்கிட்டே இருக்கேன். சொல்லலாமா வேணாமான்னு யோசனை. அதான் முதல்ல தட்டிப் பாத்துக்கலாம்னு வந்தேன்."

கையும் களவுமாகப் பிடித்த திருடன் வைத்தியர் மாதிரிப் பேசினால் என்ன செய்வது? என் நாலு மீட்டர், 2.8 மீட்டர் கதையை எல்லாம் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம்.

"விறகு போகலை தம்பி. இடுக்குதான் போச்சு. நீளக் கட்டை நேராவா இருக்கு? வளைவு, கணு, கவட்டை. ஒண்ணு மேல ஒண்ணு படியாது. அதையே துண்டு போட்டா வளைவு குறைஞ்சு நெருங்கிப் படுத்துக்கும். ஒரு மீட்டர் கட்டையில நாலு வாங்கி மூணா வெட்டினா ரெண்டே முக்காச் சொச்சம்தான் அளவு வரும். இது எல்லாருக்கும் வர்ற கணக்குத்தான்."

ஆறடி ஆள் கையையும் காலையும் பரப்பிப் படுத்தால் கட்டிலே காணாது. அதே கட்டிலில் மூன்று பிள்ளைகள் படுத்தால் ஓரத்தில் இடம் மிச்சம் இருக்கும். சொன்னபிறகு புரிந்துவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அப்போதுதான் வாசற்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது:

"லாரியிலிருந்து இறக்கினப்போ 150 கட்டை. நான் எண்ணினேன்."

150-ஐ மூன்றால் பெருக்கிக்கொண்டே நின்றேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

திருட்டு வழக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் பெரியவர் முடிக்கவில்லை. "கோடாலி இருக்கா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மெல்லிய வாயைப் பார்த்துவிட்டு, "இது மரம் சாய்க்கிற கோடாலி. பிளக்கப் போனா கவ்விக்கிட்டு நிக்கும்" என்றார். உண்மைதான், ஒரு தடித்த கட்டையில் அதைச் சொருகிவிட்டு அரைமணி நேரம் ஆப்பசைத்த குரங்காகத் தவித்தது எனக்கல்லவா தெரியும். அவர் தன்னுடையதைக் கொண்டுவந்தார். மூன்று கிலோ இருக்கும். முகமே கனத்த ஆப்பு மாதிரி, வெட்டுவதைவிட விரித்துப் பிளக்கிற சாமான். நடுவில் போடாமல், நுனியில் ஏற்கெனவே ஓடியிருந்த வெடிப்பைப் பார்த்து ஒரே போடு. 212 இரண்டாகியது.

"உங்க ஊசியை இப்போ குத்துங்க. நுனியில இல்லை, இந்தப் புதுப் பிளவுல."

குத்தினேன். 29.

நுனிதான் முதலில் காயும் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அதிகாரி மாதிரித் தலையசைத்தது அந்த நுனிக்குத்தான். அப்படியே எரித்தால் பாதி வெப்பம் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடும், புகை குளிர்ந்து புகைபோக்கிக்குள் தார் மாதிரிப் படியும், என்றாவது ஒருநாள் அந்தப் படிவே தீப்பற்றும் என்றார். பாதி என்பது கொஞ்சம் மிகைதான். ஆனால் கையில் மூன்று கிலோ இரும்பு வைத்திருப்பவரிடம் அதையெல்லாம் யார் திருத்துவது? பிளந்து, தரையில் படாமல் சட்டத்தின் மேல் அடுக்கி, தலையை மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று விட்டால் அடுத்த குளிர்காலத்துக்குத் தயாராகுமாம்.

"அப்போ இந்தக் குளிர்காலத்துக்கு?" என்றாள் மனைவி.

அன்று மதியமே விறகுக்காரரைக் கூப்பிட்டேன். 33 சென்டிமீட்டரில் வெட்டி, வெட்டின பிறகு அடுக்கின அளவில் இரண்டு கன மீட்டர் வேண்டும், ஏதாவது ஒரு கட்டையை என் கண்ணெதிரே பிளந்து உள்முகத்தில் ஈரம் பார்ப்பேன் என்றேன். எதிர்ப்பக்கம் கொஞ்சநேரம் பேச்சில்லை.

"யார் சார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. டங்.